கடைசி நீராவி ரயில்களின் படச்சுருள்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானிய நீராவி ரயில்களைப் படம்பிடித்த பழைய ஃபிலிம்களைக் காப்பாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஜப்பானில் நீராவி ரயில் முடிந்தது 1975 என்கிறார்கள் சிலர், 1976 என்கிறார்கள் சிலர். எது சரி?

இரண்டும் சரிதான். எந்த வேலையைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜப்பான் தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிப் பயணிகள் வண்டி 1975 டிசம்பர் 14 அன்று ஹொக்கைடோவில் முரோரானிலிருந்து இவாமிசாவாவுக்கு ஓடியது. இழுத்தது சி57 135, அதாவது சி57 வகையில் 135 எண் கொண்ட இன்ஜின். பத்து நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று, டி51 241 யூபாரி பாதையில் கடைசி நிலக்கரி வண்டியை இழுத்தது. ஆனால் ஹொக்கைடோவின் ஓயிவாகே யார்டில் பெட்டி தள்ளும் வேலை மட்டும் 9600 வகை இன்ஜின் ஒன்றுக்கு மிச்சம் இருந்தது. 79602 என்ற எண் கொண்ட அது 1976 மார்ச் 2 வரை ஓடியது. ஆக பயணிகள், சரக்கு, யார்டு என்று மூன்று ‘கடைசி’கள் இருக்கின்றன. டப்பா மேல் ‘கடைசி நாள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவற்றில் எது என்று பார்க்கவேண்டும். சில பாதைகளுக்கு அவற்றுக்கே உரிய கடைசி நாள்களும் உண்டு.

சி57 135 இன்று ஓமியா ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டி51 241-க்கு அந்த யோகம் இல்லை. 1976 ஏப்ரலில் ஓயிவாகே இன்ஜின் கொட்டகை தீப்பிடித்தபோது எரிந்துபோனது. அந்த இன்ஜின் ஓடிய விதத்துக்கு இப்போது ஃபிலிம்தான் சாட்சி. தனிமனிதர்கள் எடுத்த எட்டு மில்லிமீட்டர் சுருள்களை இவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: தோக்கியோவில் எங்கள் வீட்டு உரிமையாளரான முதியவர் ஓர் அட்டைப்பெட்டி நிறைய எட்டு மில்லிமீட்டர் சுருள்களைக் கொடுத்தார். எல்லாம் 1970-களின் ரயில் படங்களாம். மூடியைத் திறந்தால் காடி வாடை அடிக்கிறது. புரொஜெக்டரும் கூடவே கொடுத்திருக்கிறார். ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். புரொஜெக்டரை மூலையில் வையுங்கள்.

காடி வாடை என்றால் ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளம், அதாவது படத்தைத் தாங்கும் பிளாஸ்டிக், சிதையத் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரமும் சேரும்போது அடித்தளத்திலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது. அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவைத் தூண்டுகிறது. இப்படித் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் வினை என்பதால், ஆரம்பத்தில் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது, பிறகு திடுதிப்பென்று எல்லாம் போகும். ஜப்பானின் மழைக்காலமும் அதைத் தொடரும் புழுக்கமும் இதற்குத் தோது. சிதைந்த ஃபிலிம் சுருங்கும். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் பற்களுக்குப் பொருந்தாது, ஒவ்வொரு துளையாகக் கிழிந்துகொண்டே போகும்.

முதலில் பெட்டியை அப்படியே நாலு பக்கமும் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு டப்பாவையும், அதன் மேல் எழுதியதையும், உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டையும் படமெடுத்து ஒரு வரிசை எண் கொடுங்கள். டப்பாவும் சுருளும் இடம் மாறிப்போவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் நாசம். அது நடந்தால் எந்த ஸ்கேனராலும் மீட்கமுடியாது. சீட்டுகளைத் தனி உறையில் போட்டு அதே எண் எழுதுங்கள். காகிதமும் ரப்பர்பேண்டும் டப்பாவுக்குள் இருக்கக்கூடாது.

அடுத்து வாடை உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் வெவ்வேறு அறையில் வையுங்கள். மூக்கை மட்டும் நம்பவேண்டாம். ஏ-டி பட்டைகள் என்று அமிலத்தை அளக்கும் காகிதத் துண்டுகள் உண்டு. டப்பாவுக்குள் ஒரு துண்டு போட்டு மூடி, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் விடவேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்கு வந்து 1.5 என்ற அளவைத் தொட்டால் சிதைவு வேகமெடுக்கும் கட்டம், அந்தச் சுருள் ஸ்கேன் வரிசையில் முன்னால் போகவேண்டும். மஞ்சள், அதாவது 3 என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், ஃபிலிம் காப்பகத்தாரிடம் கொடுங்கள்.

சுருக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எட்டு மில்லிமீட்டர் ஃபிலிமின் வகைகளான சூப்பர் 8, சிங்கிள்-8 இரண்டிலும் துளைக்குத் துளை தூரம் 4.234 மி.மீ. ஆகவே நூறு ஃபிரேம் 423.4 மி.மீ. இருக்கவேண்டும். பழைய டபுள் 8 என்றால் நூறு ஃபிரேமுக்கு 381 மி.மீ. எஃகு அளவுகோலை மேசையில் ஒட்டி, பருத்திக் கையுறையோடு அதன்மேல் ஃபிலிமைப் படுக்கவைத்து எண்ணுங்கள். சூப்பர் 8-இல் 4 மி.மீ. குறைந்தால் கிட்டத்தட்ட 1% சுருங்கிவிட்டது என்று பொருள். அதைப் பல்சக்கரம் இல்லாமல் உருளைகளால் மட்டும் நகர்த்தும் ஸ்கேனரில்தான் ஓட்டவேண்டும்.

வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் கூடவே போய்விடும். முதலில் உலர்ந்த காற்றில் காயவிட்டு, முகக்கவசத்தோடு வெளியிடத்தில் மென்மையான தூரிகையால் தட்டி, பிறகு 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் மெல்லத் துடையுங்கள். ஓரத்தில் காந்தப் பட்டை உள்ள ஒலி ஃபிலிமுக்கு எந்தத் திரவமும் வேண்டாம். பட்டை பெயர்ந்துவிடக்கூடும்.

கேள்வி: சிங்கிள்-8, சூப்பர் 8 இரண்டும் ஒன்றா?

படத்தின் அளவும் துளையும் ஒன்று. அதனால் ஒரே புரொஜெக்டரில், ஒரே ஸ்கேனரில் ஓடும். கோடாக் 1965-இல் சூப்பர் 8 கொண்டுவந்தது. அதே ஆண்டு ஃபுஜி சிங்கிள்-8 கொண்டுவந்தது. ஃபிலிம் அடைத்த கார்ட்ரிட்ஜ் வேறு, முக்கியமாக அடித்தளம் வேறு. ஃபுஜியுடையது பாலியெஸ்டர், மெல்லியது, காடி வாடைப் பிரச்சினையே அதற்குக் கிடையாது. கோடாக் அன்று விற்றது அசிட்டேட்.

சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஒளி ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர், இருட்டாக இருந்தால் அசிட்டேட். ஒரே ரீலில் இரண்டையும் வெட்டி ஒட்டியிருப்பதும் சகஜம். அசிட்டேட்டை ஃபிலிம் சிமெண்ட் என்ற கரைத்து ஒட்டும் பசையால் ஒட்டலாம். பாலியெஸ்டர் சிமெண்டில் கரையாது, ஒட்டுநாடாதான் வழி. பழைய ஒட்டுநாடாவின் பசை கசிந்து அடுத்த சுற்றில் பிடித்திருக்கும். இழுத்துப் பிரிக்காமல் ஒவ்வொரு ஒட்டையும் புதிதாகப் போட்ட பிறகே ஸ்கேனருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: டப்பாவில் ‘46.9.15’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த ரயில், எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது 1946 அல்ல. ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக் கணக்கில் ஷோவா ஆண்டு 46. ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் 1971. ஆக 1971 செப்டம்பர் 15. இந்தத் தேதியைப் பார்த்ததும் ஹொக்கைடோவின் ஹகோடாடே பாதையை நினைக்கவேண்டும். ஒதாருவுக்கும் ஒஷாமாம்பேவுக்கும் இடையே மலையேற இரண்டு சி62 இன்ஜின்கள் சேர்ந்து இழுத்த ‘நிசெகோ’ விரைவு வண்டியில் சி62-களுக்கு அன்றுதான் கடைசி நாள். ஆனாலும் தேதியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். டப்பாவில் இருப்பது படம் எடுத்த நாளா, கழுவி வாங்கிய நாளா என்று பல நேரம் தெரியாது.

படத்துக்குள்ளேயே தேடுங்கள். முன்முகத்திலும் கேபின் பக்கவாட்டிலும் எண் பலகை இருக்கும். ஓடும்போது ஒரு ஃபிரேமில் தெரியாத எண், அடுத்தடுத்த ஐந்தாறு ஃபிரேம்களை அருகருகே வைத்தால் பிடிபடும். இன்ஜின் பெயரின் முதல் எழுத்து, தண்டால் இணைத்த பெரிய சக்கரங்களின் அச்சு எத்தனை என்று சொல்லும்: சி என்றால் மூன்று, டி என்றால் நான்கு. எண் சரியாகத் தெரியாவிட்டாலும் பெரிய சக்கரங்களை எண்ணினால் பாதி வேலை முடிந்தது. சி55-ம் சி57-ம் தூரத்தில் இரட்டைப் பிறவிகள்தான், ஆனால் சி55-இன் சக்கரத்தில் ஆரக்கால்கள் தெரியும், சி57-இல் ஓட்டைகள் உள்ள தகடு போலத் தெரியும். டி51-இல் புகைபோக்கியிலிருந்து பின்னால் நீண்ட மூடி தொடர்ந்தால் அது முதலில் கட்டிய 95 இன்ஜின்களில் ஒன்று. மொத்தம் 1,115 டி51-களில் இது பெரிய வடிகட்டல்.

புகைபோக்கிக்கு இருபுறமும் நிற்கும் புகைத் தடுப்புத் தகடுகள் இன்னும் பேசும். கீழ்ப்பாதி வெட்டிய, மேலே மட்டும் நிற்கும் தகடு க்யூஷுவின் கொகுரா பணிமனை வழக்கம். முன் ஓரம் கீழே குறைத்த தகடு, இரண்டு முன்விளக்கு, மூடிய கேபின் என்றால் ஹொக்கைடோ. டி51-இல் வட்டமான புகைபோக்கிக்குப் பதில் தட்டையாக, நீளவாக்கில் இருந்தால் அது கீஸ்ல் எஜெக்டர் என்ற வகைப் புகைபோக்கி. ஓயிவாகே இன்ஜின்களில் அது உண்டு. ஒன்றை மறக்கவேண்டாம்: தகடு சொல்வது இன்ஜினை எங்கே மாற்றியமைத்தார்கள் என்பதை. கடைசி ஆண்டுகளில் டீசல் வர வர இன்ஜின்களை ஊர் ஊராக மாற்றினார்கள். க்யூஷு தகட்டோடு வேறு ஊரில் ஓடியவையும் உண்டு. கேபின் பக்கத்துச் சிறு சட்டத்தில் செருகியிருக்கும் ஓரெழுத்துக் கொட்டகை அட்டைதான் அந்த நாளில் எந்தக் கொட்டகை என்று சொல்லும். ஓயிவாகேக்கு ‘ஓயி’, கியோத்தோவின் உமேகோஜிக்கு ‘உமே’ என்று படிக்கும் ஒற்றை ஜப்பானிய எழுத்துகள். அது தெரியும் ஃபிரேமைத் தேடிப் பிடிப்பது பொறுமைக்குப் பரீட்சை.

கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரித்த ஆண்டைச் சொல்பவை அவை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பும், ஆகவே 1955-ஐயும் 1975-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த ஓரமும் ஸ்கேனில் வரவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கண்டுபிடித்ததை எழுதும்போது மூன்று பத்தி வைத்துக்கொள்ளுங்கள்: டப்பாவில் இருந்தது, படத்தில் தெரிவது, உங்கள் ஊகம். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அடுத்தவருக்குத் திருத்த வழி இருக்காது.

கேள்வி: ஸ்கேன் செய்துதரும் நிறுவனம், தூசி நீக்கி, நடுக்கம் போக்கி, வினாடிக்கு 60 ஃபிரேம் ஆக்கி, வண்ணமும் ஏற்றித் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

அதற்கு முன்னால் எந்த மாற்றமும் செய்யாத ஸ்கேன் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் மூலப்பிரதி. மற்றதெல்லாம் அதிலிருந்து என்றைக்கும் செய்துகொள்ளலாம்.

சூப்பர் 8 ஃபிரேம் 5.79 × 4.01 மி.மீ.தான். 2கே ஸ்கேன் போதுமானது. 4கே எடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஃபிலிமின் மணிகள், அதாவது படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள். 50 அடிச் சுருளில் 3,600 ஃபிரேம், வினாடிக்கு 18 என்றால் 3 நிமிடம் 20 வினாடி. 2கே, பத்து பிட், டிபிஎக்ஸ் (ஃபிரேமுக்கு ஒரு கோப்பு) வடிவில் எடுத்தால் ஃபிரேமுக்கு 12.7 எம்பி வாக்கில், சுருளுக்கு ஏறக்குறைய 46 ஜிபி. இடம் போதாதவர்கள் எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் வையுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் எடுக்கவேண்டும், சுவரில் ஓட்டி வீடியோ எடுத்தது ஸ்கேன் ஆகாது. துளை உட்பட முழு அகலமும், படத்தைச் சுற்றிய கறுப்பு ஓரமும் வரவேண்டும். வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைக் கோப்பிலேயே 24 என்று மாற்றி அனுப்பிவிடுவார்கள், எச்சரிக்கை.

கரிய இன்ஜின், வெண் பனி, வெண் நீராவி: ஒளி அளவில் இதைவிட முரண்டு பிடிக்கும் பொருள் இல்லை. ஸ்கேனர் தானாக ஒளி சரிசெய்யும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீராவி திரையை நிறைக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் இருண்டு, விலகியதும் வெளுக்கும். நீராவியின் மடிப்பு வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியை ஒருமுறை நிர்ணயித்து, சுருள் முழுக்க அதையே வைக்கவேண்டும். சக்கரமும் இணைப்புத் தண்டும் இருட்டில் கிடந்தாலும் பரவாயில்லை, பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

தூசி நீக்கும் மென்பொருள், ஒரு ஃபிரேமில் இருந்து அடுத்ததில் இல்லாத புள்ளியைத் தூசி என்று கருதுகிறது. ஹொக்கைடோவின் பனித்தூறலும் அப்படித்தான் இருக்கிறது, புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் கனல்துகளும் அப்படித்தான். மென்பொருள் மூன்றையும் சேர்த்து விழுங்கும். மணி குறைக்கும் மென்பொருளுக்குப் புகையே மணி. கரிப்புகையின் நுண்ணிய சுருளை வழித்து, பஞ்சு மூட்டை ஆக்கிவிடும். நடுக்கம் போக்குவதில் இன்னொரு கூத்து: அது பற்றிக்கொள்ள நிலையான ஒரு புள்ளி வேண்டும், திரை நிறையப் புகை வந்ததும் புகையைப் பற்றிக்கொண்டு மலையை ஆட்டும். துளையின் ஓரத்தைப் பார்த்து நிலைநிறுத்தச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை, முழு அகலமும் கேட்கச் சொன்னதன் இன்னொரு காரணம் அது.

அறுபது ஃபிரேம் ஆக்குவதற்கு இடையில் இல்லாத படங்களைக் கணினி கற்பனை செய்கிறது. இணைப்புத் தண்டும் சக்கரமும் வேகமாகச் சுழலும் இடத்தில் தண்டு வளைவதையும் இரண்டாகப் பிரிவதையும் பார்க்கலாம். இன்ஜின் ஓடிய விதத்துக்குச் சாட்சி என்று வைத்திருக்கும் படத்தில் இதைச் செய்வது எங்கள் கருத்தில் தகாது. வண்ணமேற்றலும் அப்படியே. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து பெட்டியின் நிறம் நீலமா பழுப்பா என்று கணினிக்குத் தெரியாது.

கேள்வி: படம் ஊமை, ஆனால் அதே பயணத்தில் பதிவுசெய்த ஒலிநாடா இருக்கிறது. இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது?

முதலில் அவை ஒரே வண்டியா என்று பாருங்கள். காலையில் படமும் மாலையில் ஒலியும் எடுத்திருக்கலாம்.

ஒரே வண்டி என்றாலும் வேகம் ஒத்துவராது. கடுங்குளிரில் கேமராவின் மோட்டாரோ சுருள்வில்லோ தளர்ந்து ஓடும், அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் படம் விரைந்து போகும். ரெக்கார்டரின் பாட்டரியும் குளிரில் இறங்கும், அப்போது நாடா மெதுவாக ஓடியிருந்தால் இன்று கேட்கும்போது கீச்சென்று இருக்கும். ஆகவே இரண்டையும் நம்பாமல் இன்ஜினையே கடிகாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புகைபோக்கியில் நாலு அடி, அதாவது நாலு ‘சக்’ ஓசை, கேட்கும். படத்தில் இணைப்புத் தண்டு கீழே வந்த ஃபிரேமிலிருந்து பத்துச் சுற்றுக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒலியில் நாற்பது அடிக்கு எத்தனை வினாடி என்று அளங்கள். 90 ஃபிரேம், 4.8 வினாடி என்றால் கேமரா வினாடிக்கு 18.75 ஃபிரேமில் ஓடியிருக்கிறது. டி51-இன் இயக்குச் சக்கர விட்டம் 1,400 மி.மீ., சுற்றுக்கு 4.4 மீட்டர். இந்த உதாரணத்தில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 33 கி.மீ. ஏற்றத்தில் சரக்கு வண்டி என்றால் நம்பலாம். 80 என்று வந்தால் வண்டியோ கணக்கோ தவறு. சி57, சி62 இரண்டுக்கும் சக்கரம் 1,750 மி.மீ., சுற்றுக்கு 5.5 மீட்டர்.

நாடாவே மெதுவாக ஓடியிருந்தால் இந்தக் கணக்கும் சாயும். அதே நாடாவில் நிலைய ஒலிபெருக்கியோ மணியோ, வேறு நல்ல பதிவில் சுருதி தெரிந்த எதுவோ இருந்தால் முதலில் அதை வைத்து நாடாவைச் சரிசெய்யுங்கள். இரண்டு இன்ஜின் பூட்டிய வண்டியில் அடிகள் ஒன்றோடொன்று நழுவும். இரண்டும் சேர்ந்தொலிக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒன்று கேமராவை நெருங்கி உரக்கக் கேட்கும் இடத்தில் எண்ணவேண்டும். இறக்கத்தில் நீராவியை மூடிவிட்டு உருளும்போது அடியே கேட்காது. அந்தப் பகுதியில் ஊதல் ஒன்றுதான் துணை.

ஊதலின் வெண்ணீராவி கண்ணுக்குத் தெரிந்தபின் ஓசை வரத் தாமதமாகும். 300 மீட்டர் தொலைவு என்றால் ஏறக்குறைய 0.9 வினாடி. ரெக்கார்டர் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது என்றால் அந்தத் தாமதத்தை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒட்டவைத்தால், பள்ளத்தாக்குக்கு அப்பால் போகும் வண்டி காதோரம் ஊதுவது போல ஆகிவிடும்.

கேள்வி: ஸ்லைடுகளை ஸ்கேன் செய்தால் சிலவற்றில் இன்ஜினின் விளிம்பு கரைந்ததுபோல வருகிறது. ஸ்கேனர் கோளாறா?

அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதியை அணையுங்கள். அது வண்ணச் சாயம் மட்டும் உள்ள ஃபிலிமுக்கானது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளி, அகச்சிவப்புக்கு வெள்ளியும் தூசியும் ஒன்றுதான். கோடாக்கின் வண்ண ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோமிலும் இந்தச் சிக்கல் வரும். இவற்றுக்கு ஊதுபந்து, தூரிகை, பொறுமை. 35 மி.மீ. ஃபிரேமுக்கு 4,000 டிபிஐ, 16 பிட் வையுங்கள், 5,600 × 3,700 பிக்சல் வாக்கில் வரும்.

கோடாக்ரோம் ஸ்கேனில் நீலம் பாய்ந்து வந்தால் ஃபிலிம் கெடவில்லை, ஸ்கேனருக்கு அதற்கான வண்ண அளவீடு கொடுக்கவில்லை. இருட்டில் வைத்தால் கோடாக்ரோம் நிறம் மாறாமல் நிற்கும், புரொஜெக்டர் விளக்கில்தான் வேகமாக வெளுக்கும். அதே காலத்து மற்ற ஸ்லைடுகள் செம்மை பாய்ந்திருந்தால் அது சாயம் மங்கியது. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: ஏலத்தில் வாங்கிய நெகட்டிவ்களை இணையத்தில் போடலாமா?

வாங்கியது பிளாஸ்டிக்கைத்தான். ஜப்பானியச் சட்டப்படி நெகட்டிவ் கைமாறுவதால் பதிப்புரிமை கைமாறாது. 1956 முடிவதற்குள் வெளியான புகைப்படங்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்கும் 1970-களின் படங்களுக்கு எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு, 2018 டிசம்பர் 29 வரை அது 50 ஆண்டாக இருந்தது. அசையும் படத்துக்குக் கணக்கு வேறு, பொதுவாக வெளியிட்டதிலிருந்து 70 ஆண்டு.

எடுத்தவரோ வாரிசோ இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன், பொதுத் திரையிடல், இணையம், காப்பகத்துக்குக் கொடுத்தல், நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிடவேண்டும். பெயர் போடுவதும், படத்தை இஷ்டத்துக்கு மாற்றாமல் இருப்பதும் படைப்பாளியின் தனி உரிமை, வண்ணமேற்ற நினைப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கேள்வி: ஸ்கேன் முடிந்தபின் சுருள்களை எறிந்துவிடலாமா?

கூடாது. இன்றைய ஸ்கேனர் பிடிக்காததை நாளையது பிடிக்கும், வன்தட்டும் சாகும். கோப்பு மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு ஊரில். சுருளைக் காற்றுப் போகும் பாலிபுரோப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள், துருப்பிடித்த தகர டப்பா வேண்டாம். 21 டிகிரி செல்சியஸ், 50% ஈரப்பதத்தில் புதிய அசிட்டேட்டுக்கே ஏறத்தாழ 40 ஆண்டுதான் கணக்கு. ஏற்கெனவே அமிலம் ஏறியதற்கு ஐந்து ஆண்டு.

ஃப்ரீசரில் வைக்கலாம். டப்பாவை இரண்டு பூட்டுப் பைகளுக்குள் போட்டு, நடுவே ஈரங்காட்டி அட்டை ஒன்று வையுங்கள். எடுக்கும்போது ஒரு முழு நாள் வெளியில் இருந்து அறை வெப்பத்துக்கு வந்தபிறகே பையைத் திறக்கவேண்டும், அவசரப்பட்டால் ஃபிலிம் மேல் நீர் கோக்கும். வீட்டில் இடமில்லை என்றால் அந்த ரயில் ஓடிய ஊரின் அருங்காட்சியகத்தை முதலில் கேளுங்கள். அக்டோபரில் பல ஊர்களில் நடக்கும் ‘ஹோம் மூவி டே’ கூட்டங்களுக்கு ஃபிலிம் சோதிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். டப்பாவோடு உங்கள் மூன்று பத்திக் குறிப்பின் அச்சுப்பிரதியையும் எடுத்துப் போங்கள்.